கிரேஸ் அக்காவின் கணினியில் செருகியிருந்த பென் டிரைவ்

போன வாரம் தம்பி மகள் தன்னுடைய பழைய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "பெரியப்பா, இது ரொம்ப ஸ்லோ. ஏதாச்சும் பண்ணிக் குடுங்க" என்றாள். நான் கணினியோடு மல்லுக்கட்டிய காலம் போய் வெகுநாள் ஆகிறது. இப்போது வேலூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் சான்றிதழ்களில் முத்திரை குத்திக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் பிள்ளை கேட்கும்போது தெரியாது என்று சொல்ல மனம் வருமா? இழுப்பறையில் கிடந்த பென் டிரைவ் ஒன்றை எடுத்துச் செருகினேன். கை தானாகவே வலது பக்கப் பொத்தானை அழுத்தியது, ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தது, மேலே இருந்த வரிசையில் எதையோ தேடியது. காணவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். அப்போதும் இல்லை.

"இன்னா தேடுறீங்க?" என்றாள்.

"இங்க ரெடிபூஸ்ட்னு ஒண்ணு இருக்கும்மா."

அவள் கைப்பேசியில் தட்டிப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் தூக்கிட்டாங்களாம் பெரியப்பா" என்று சொல்லிவிட்டுத் தோசை சாப்பிடப் போய்விட்டாள். நான் அந்தத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பென் டிரைவைப் பிடுங்கியபோது விரலில் லேசான சூடு பட்டது. அந்தச் சூடு என்னை ஆம்பூருக்குக் கொண்டுபோய்விட்டது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சமையல் மேடை சின்னதாக இருந்தால் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, நறுக்கிய காயை அதன்மேல் வைத்துக்கொள்கிறோம் அல்லவா? ரெடிபூஸ்ட் அந்த ஸ்டூல்தான். கணினிக்கு ரேம் கம்மியாக இருந்தால், அடிக்கடி தேவைப்படும் சாமான்களை ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்ப் போய் எடுத்து வருவதற்குப் பதிலாக, செருகி வைத்த பென் டிரைவில் ஒரு நகலை வைத்துக்கொண்டு அங்கிருந்து சட்டென்று எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் விஸ்டா வந்த புதிதில் கூடவே வந்த வசதி. விஸ்டாவோ யானைப் பசிக்காரன். எங்கள் கம்பெனியில் அதற்குப் போட்ட ரேமோ பூனைக்குக் கூடப் பற்றாது.

கம்பெனி என்றால் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த ஒரு ஷூ கம்பெனி. பேர் வேண்டாம். இரண்டாயிரத்து எட்டு வாக்கில் நான் டிப்ளமோ முடித்துவிட்டு அங்கே சேர்ந்தேன். வேலை, பேட்டர்ன் அறையில். ஒரு ஷூவுக்கு மேல்பாகம் எத்தனை துண்டு, ஒவ்வொன்றும் எந்த அளவு, தையல் எங்கே ஓடும் என்பதையெல்லாம் கணினியில் வரையும் இடம் அது. மொத்தம் இரண்டு நாற்காலி. ஒன்றில் நான், இன்னொன்றில் கிரேஸ் அக்கா. கம்பெனியிலேயே ஏசி ஓடிய அறை அது ஒன்றுதான். ஆனாலும் சோல் ஒட்டுகிற பசையின் வாசனை கதவிடுக்கு வழியாக வந்துகொண்டேதான் இருக்கும். வீட்டுக்குப் போனாலும் சட்டையில் இருக்கும். "பையன் வர்றான், வாசன வந்துடுச்சு" என்று அம்மா அடுப்பில் டீத்தண்ணியை வைப்பாள்.

கிரேஸ் அக்காவுக்கு ஊர் ஆலங்காயம். பன்னிரண்டாவது முடித்த கையோடு இதே கம்பெனிக்குத் தையல் செக்‌ஷனில் வேலைக்கு வந்தவர். மெஷினில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைத்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வாணியம்பாடிக்கு பஸ் பிடித்துப் போய்க் கம்ப்யூட்டர் படித்து, கம்பெனி வைத்த டெஸ்ட்டில் தேறி, பேட்டர்ன் அறைக்கு வந்தார். தையல் வரிசையிலிருந்து அந்த அறைக்கு வந்த ஒரே ஆள் அவர்தான். நான் சேர்ந்த முதல் நாளே இதையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டார். பெருமை அடித்துக்கொள்கிறார் என்றுதான் நினைத்தேன். அந்த வயதில் எனக்கு யார் பெருமையும் பிடிக்காது, என் பெருமையைத் தவிர.

அது எதற்கான பெருமை என்பது சாயங்காலம் வேலை விடும்போதுதான் புரிந்தது. கம்பெனிக்கு இரண்டு கேட். பெரிய கேட் வழியாகத் தொழிலாளிகள் போவார்கள். அங்கே பெண்களுக்கென்று துணி கட்டிய ஒரு தடுப்பு இருக்கும். உள்ளே செக்கிங் ராணியம்மா நிற்பார். சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்து, டிபன் பாக்ஸைத் திறந்து, இடுப்பைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார். தோல் துண்டோ பக்கிளோ நூல்கண்டோ வெளியே போய்விடக் கூடாதல்லவா. ஆயிரம் பேரில் ஒருத்தி எடுத்திருப்பாள், ஆயிரம் பேரும் கையைத் தூக்கி நிற்க வேண்டும். ஆபீஸ் ஆட்களுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன கேட். அங்கே வாட்ச்மேன் சல்யூட் அடிப்பார், அவ்வளவுதான்.

கிரேஸ் அக்கா சின்ன கேட் வழியாக வெளியே வருவார். நேராக ஆலங்காயம் போகிற கம்பெனி பஸ்ஸில் ஏறுவார். தையல் செக்‌ஷன் தோழிகள் இன்னும் வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களுக்காகக் கைக்குட்டை, சாப்பாட்டுப் பை, சில சமயம் தன் செருப்பைக் கூடப் போட்டு சீட் பிடித்து வைப்பார். "எம்மா நாள் அந்தத் துணிக்குள்ள நின்னேன் தெரியுமா? ஒவ்வொரு நாளும் எடுத்தவ மாதிரியே நிப்பேன். இப்ப ஒருத்தியும் என் பையத் தொடறதில்ல. எனக்கு இந்த வேலைல இதாண்டா சம்பளம்" என்று ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதில் விளையாட்டு இல்லை.

பழைய கணினிகளை எடுத்துவிட்டுப் புதிது வைத்தபோதுதான் பேஜார் ஆரம்பித்தது. ஒரு டிசைனைத் திறந்தால் வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். கிரேஸ் அக்கா அந்த நேரத்தில் மெல்லிய குரலில் ஒரு கீர்த்தனை பாடுவார். பல்லவியில் ஆரம்பித்து, சரணம் எல்லாம் முடிந்து, திரும்பப் பல்லவிக்கு வரும்போதுதான் திரையில் ஷூ தெரியும். ரேம் வாங்கிக் கொடுங்கள் என்று மேனேஜர் தனசேகர் சாரிடம் இரண்டு பேரும் கேட்டோம். "புது மெஷின்ல இன்னா கொற? அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார். எங்கள் கம்பெனியில் அடுத்த மாசம் என்றால் நடக்காது என்று அர்த்தம். அதே சமயம் பேட்டர்ன் ஏன் லேட் என்று சத்தம் போடவும் அவரே வருவார்.

சர்வீஸுக்கு வரும் இம்தியாஸ் பாய்தான் வழி சொன்னார். "அக்கா, ரேம் வர்ற வரைக்கும் நல்ல பென் டிரைவ் ஒண்ணு இருந்தா செருகி வைங்க. கொஞ்சம் மூச்சு விடும்." அக்காவிடம் ஒன்று இருந்தது. நீல நிறம். வளைகுடாவில் நர்ஸாக இருந்த தங்கை அனுப்பியது. சர்ச் கொயர் பாட்டுகளும், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளின் ஆண்டுவிழாப் படங்களும் அதில் இருந்தன. அவற்றை அப்படியே விட்டுவிட்டு மிச்சமிருந்த இடத்தை இம்தியாஸ் பாய் ரெடிபூஸ்டுக்கு ஒதுக்கிக் கொடுத்தார்.

மறுநாள் டிசைனைத் திறந்த அக்கா பாட ஆரம்பித்தார். பாதிப் பாட்டிலேயே ஷூ வந்து நின்றுவிட்டது. "டேய், பாருடா! கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று கைதட்டினார். சந்தோஷத்தில் அவர் பாட்டைத்தான் வேகமாகப் பாடினாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. நான் அப்போது அதைக் கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்தப் பென் டிரைவ் சிபியூவின் முன்பக்கத்தில் விளக்கு மினுங்கிக்கொண்டு பகலெல்லாம் இருந்தது. வெளியே கொண்டுபோவதற்கு இல்லாமல் உள்ளேயே இருப்பதற்காக ஒரு பென் டிரைவ் என்பதை எங்கள் கம்பெனியில் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஒருவரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் வினையானது.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு சேதி வந்தது. எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையருக்காக நாங்கள் வரைந்த அடுத்த சீசன் லேடீஸ் ஷூ, அதே பக்கிள், அதே தையல், ராணிப்பேட்டைப் பக்கம் இன்னொரு கம்பெனியின் சாம்பிள் அறையில் இருந்ததாம். பார்த்த யாரோ வந்து சொல்லிவிட்டார்கள். டிசைன் வெளியே போய்விட்டது என்று முதலாளி வீடு கொந்தளித்தது. ஷூ ஊரில் இதைவிடப் பெரிய திருட்டு கிடையாது. தோலைத் திருடினால் ஒரு ஜோடி போகும், டிசைனைத் திருடினால் ஒரு சீசனே போய்விடும். காலையில் தனசேகர் சார் பேட்டர்ன் அறைக்குள் வந்தார். அக்காவின் கணினியில் மினுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அதைப் பிடுங்கிக்கொண்டு அக்காவிடம், "வா" என்றார். நானும் பின்னாலேயே போனேன்.

கேபினில் தன்னுடைய லேப்டாப்பில் செருகிப் பார்த்தார். பாட்டு இருந்தது. பிள்ளைகள் தேவதை வேஷத்தில் நிற்கும் படங்கள் இருந்தன. அவற்றுக்குக் கீழே மிகப் பெரிய ஃபைல் ஒன்று இருந்தது. திறந்து பார்த்தார். திறக்கவில்லை. வேறொன்றில் திறந்து பார்த்தார். அதிலும் திறக்கவில்லை.

"இத எதுல தொறக்கணும்?"

"அத தொறக்க முடியாது சார்" என்றார் அக்கா.

"முடியாதா?"

"மெஷின் அத பூட்டி வச்சிருக்கும் சார். யாராலயும் தொறக்க முடியாது."

"யாராலயும் தொறக்க முடியாதத நீ எதுக்கும்மா வச்சிருக்க?"

"நான் வைக்கல சார். மெஷினே வச்சுக்குது. ஸ்பீடுக்கு."

பேசப் பேசக் கேஸ் இறுகிக்கொண்டே போனது. அக்கா சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. பென் டிரைவ் தொலைந்துபோய் வேறொருவர் கையில் கிடைத்தாலும் படிக்க முடியாதபடி கணினி அந்த ஃபைலைக் குறியாக்கம் செய்துதான் வைக்கும். ஆனால் அந்த அறையில் அந்த உண்மை திருடனின் பேச்சு மாதிரியே கேட்டது. "பேர்லயே ரெடிபூஸ்ட்னு இருக்கு பாருங்க சார்" என்று நான் குறுக்கே புகுந்தேன். "ஃபைலுக்குப் பேரு எவன் வேணா மாத்தி வைக்கலாம். நீயும் கூட்டா?" என்றார். இம்தியாஸ் பாய்க்கு ஃபோன் போட்டோம். ஏதோ கல்யாணத்துக்காக ஹைதராபாத் போயிருந்தார், லைன் கிடைக்கவில்லை.

அக்காவைக் கேபினுக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அது கேன்டீனுக்குப் போகிற வழி. சாப்பாட்டு மணி அடித்ததும் தையல் செக்‌ஷன் முழுக்க அந்த வழியாகத்தான் போனது. எல்லாரும் அக்காவைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அக்கா என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "டிசைன வெளிய குடுத்தவன்னு பேரு எடுத்துட்டா, பேரணாம்பட்டுல இருந்து ராணிப்பேட்ட வரைக்கும் ஒரு கேட்டும் எனக்குத் தொறக்காதுடா. தைக்கிற மெஷின்ல கூட உக்கார வுட மாட்டாங்க." அந்த வட்டாரத்தில் அது சத்தியமான பேச்சு. கம்பெனிகள் ஒன்றுக்கொன்று போட்டியாக இருந்தாலும், இவளைச் சேர்க்காதே என்று சொல்வதில் மட்டும் ஒற்றுமை உண்டு.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அக்கா எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேபின் கதவைத் தட்டினார்.

"சார், உங்க பென் டிரைவ் ஏதாச்சும் இருந்தா எடுத்துனு என் மெஷின்கிட்ட வாங்க. நான் எதையும் தொட மாட்டேன். நான் சொல்லச் சொல்ல நீங்களே போடுங்க."

ஏதோ ஒரு கண்காட்சியில் இனாமாகக் கொடுத்த பென் டிரைவ் ஒன்றைக் கவர் பிரிக்காமல் வைத்திருந்தார் தனசேகர் சார். அதை எடுத்துக்கொண்டு வந்தார். அக்கா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். அங்கிருந்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னார். ரைட் கிளிக் பண்ணுங்க சார். ப்ராப்பர்ட்டீஸ். மேல ரெடிபூஸ்ட் இருக்கும் பாருங்க. அவர் அழுத்தினார். இந்தப் பென் டிரைவ் இதற்கு லாயக்கில்லை என்று திரையில் வந்தது. இனாம் சரக்கு, அதற்கு வேண்டிய வேகம் இல்லை. தனசேகர் சார் திரும்பி அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

"வேற ஒண்ணு போடுங்க சார்" என்றார் அக்கா.

தனசேகர் சார் சட்டைப் பையிலிருந்து தன்னுடையதை எடுத்தார். சொந்தக் காசில் வாங்கிய நல்ல பென் டிரைவ். செருகினார், அழுத்தினார், ஓகே கொடுத்தார். திறந்து பார்த்தால், அவருடைய பிள்ளைகளின் படங்களுக்குக் கீழே அதே பேரில் பெரிய ஃபைல் ஒன்று உட்கார்ந்திருந்தது. திறந்து பார்த்தார். திறக்கவில்லை. இன்னொரு முறை பார்த்தார்.

"சரி. வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வார்த்தை, மன்னிப்பு என்று கூட வேண்டாம், தெரியாமப் போச்சும்மா என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், எங்கள் இரண்டு கணினிகளிலும் மவுஸ், கீபோர்டு போக மிச்சமிருந்த யுஎஸ்பி துளைகள் எல்லாவற்றிலும் சோல் ஒட்டுகிற பசையை ஊற்றி அடைத்திருந்தார்கள். ஷூ கம்பெனிக்காரனுக்குத் தெரிந்த ஒரே பூட்டு அது. வட்டம் பழையபடி சுற்ற ஆரம்பித்தது. சாயங்காலம் இன்னொன்று தெரிந்தது. பேட்டர்ன் அறை ஆட்கள் இனிமேல் பெரிய கேட் வழியாகத்தான் போக வேண்டும், செக்கிங் உண்டு. தனியாக யாரையும் சொல்லவில்லையாம், அந்த அறைக்கே பொதுவாம். அந்த அறையில் இருந்ததே இரண்டு பேர். ஆண்கள் பக்கம் என் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். அக்கா துணித் தடுப்புக்கு முன்னால் வரிசையில் நின்றார். பழைய தோழிகள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

ராணியம்மாவுக்கே சங்கடம். "நீ போ கிரேஸு, உன்ன இன்னாத்த பாக்கறது" என்றாராம்.

"எல்லாரையும் பாக்கற மாதிரி பாருங்க" என்று சொல்லிவிட்டு அக்கா கையைத் தூக்கினாராம். பஸ்ஸில் வந்த ஒருத்தி மறுநாள் என்னிடம் சொன்னாள்.

கிறிஸ்துமஸ் வரைக்கும் அப்படியே வந்து போனார். பாட்டு நின்றுவிட்டது. வட்டம் சுற்றும் நேரத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். தூரத்தில் ஏலகிரி மலை மேகத்துக்குள் போய்ப் போய் வரும். பண்டிகை லீவு முடிந்து கம்பெனி திறந்தபோது அவர் வரவில்லை. நான் ஃபோன் செய்து, "அக்கா, நீங்கதான் ப்ரூவ் பண்ணிட்டீங்களே, எதுக்கு வேலைய வுடறீங்க?" என்று கேட்டேன். "எடுக்கலன்னு காமிச்சப்புறமும் வரிசைல நிக்க வச்சாங்களேடா. எடுத்திருந்தா கூட இதத்தான செஞ்சிருப்பாங்க" என்றார். தப்பு செய்தவளுக்கும் செய்யாதவளுக்கும் ஒரே கேட் என்றால், செய்யாததற்கு என்ன மரியாதை? இன்று வரை யாராவது இதற்குப் பதில் சொன்னால் கேட்டுக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்.

அந்த டிசைன் விஷயம் பல வருஷம் கழித்துத் தற்செயலாகத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த ராணிப்பேட்டைக் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் என் கல்லூரிக்கு மகளைச் சேர்க்க வந்தார். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: அந்த பையரே எங்கள் சாம்பிளை எடுத்துப்போய் அவர்களிடம் கொடுத்து, இதை நீங்கள் என்ன விலைக்குச் செய்வீர்கள் என்று கேட்டாராம். இரண்டு கடையில் விலை விசாரிப்பது போல. யாரும் திருடவில்லை. எதுவும் வெளியே போகவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆலங்காயத்துக்கு பஸ் ஏறினேன்.

அக்கா ஒரு பள்ளி விடுதியில் வார்டனாக இருந்தார். தலை நரைத்திருந்தது. மாணவிகள் வெளியே போட்டிருந்த துணிகளை மழைக்கு முன்னால் எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "டேய், இன்னாடா இவ்ளோ குண்டாய்ட்ட?" என்றார். நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். பையர், சாம்பிள், விலை விசாரிப்பு. அவர் அழுவார் என்றோ திட்டுவார் என்றோ எதிர்பார்த்தேன். முழுசாகக் கேட்டார்.

"நான் எடுக்கலன்னு எனக்கு அப்பவே தெரியுமேடா. இத சொல்லவா இம்மா தூரம் வந்த?" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஒண்ணு மட்டும் நெஜமா சொல்லு. அது நெஜமாவே வேகமா ஆச்சா? இல்ல, நமக்குத்தான் அப்டி தோணுச்சா?"

இதற்குள் நான் அதைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். சிலர் நன்றாக வேலை செய்தது என்றார்கள். பலர், பெரிய வித்தியாசம் ஒன்றும் கிடையாது, போட்டவர்களின் மனப்பிராந்தி என்று எழுதியிருந்தார்கள். எங்கள் கணினியில் எது உண்மை என்று எனக்குத் தெரியாது.

"வேகமாத்தான்கா ஆச்சு. நல்லாவே வேகமா ஆச்சு" என்றேன்.

"அதான பாத்தேன்" என்றார். முகம் தெளிந்துவிட்டது. டீ போட உள்ளே போனார்.

அந்தக் கம்பெனி மூடிப் பல வருஷம் ஆகிறது. ஷெட்டைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். கணினிகளைப் பழைய இரும்போடு எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் சொன்னது பொய் என்று காட்ட இப்போது ஒரு பொருளும் மிச்சமில்லை. உண்மை என்று காட்டவும்தான்.